கோடைப்பனி இறங்கும் நேரம்

வெயில் காலம் வந்துவிட்டால் போதும், ஆளுக்கு ஆள் வைத்தியர் ஆகிவிடுவார்கள். அந்த இரண்டு மாடிக் கட்டடத்தில் இருந்தது நான்கே குடித்தனம். ராத்திரியில் உடம்பைக் குளிர வைக்க அவர்களிடம் இருந்த வழிகளோ நாற்பது. கீழ்த்தளத்து வீட்டுக்கார அம்மா படுக்கும் முன் இரண்டு கால்களையும் முழங்கால் வரை நனைத்துக்கொண்டு, துடைக்காமல் அப்படியே போய்ப் படுப்பார். துடைத்தால் பலன் போய்விடுமாம். முதல் மாடியில் தனிக்கட்டையாக இருந்த பஸ் டிரைவர் ஈரத் துண்டைப் பிழிந்து நெஞ்சில் போட்டுக்கொள்வார். முதுகில் போட்டால் சளி பிடிக்கும், நெஞ்சில் போட்டால் பிடிக்காது என்பது அவர் கணக்கு. அவருக்கு எதிர்வீட்டில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். சளி மருந்தும் காய்ச்சல் மாத்திரையும் நாள் முழுக்க எடுத்துக் கொடுக்கிறவள்தான். ஆனாலும் மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். சுவர் சுகமாக இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இந்த மூன்று வீட்டுக்கும் ஒற்றுமை. ராத்திரி எல்லோரும் மொட்டை மாடியில்தான் படுப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுபோய்த் தளத்தில் ஊற்ற வேண்டும். முதல் வாளி ஊற்றிய இடம் தெரியாமல் போய்விடும். இரண்டாவது வாளிதான் தரையில் நிற்கும். ஒன்பது மணிக்குப் பாயை விரித்தால் முதுகுக்கு இதமாக இருக்கும், பத்து மணிக்கு எங்கிருந்தோ ஒரு காற்று வரும்.

இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் சீட் கவர்காரர். கார், வேன், பஸ் எல்லாவற்றுக்கும் இருக்கை உறை தைப்பவர். ஒரு பழைய இருக்கையைப் பார்த்தே அதில் உட்கார்ந்த ஆள் இடது பக்கம் சாய்கிறவனா, ஒரு காலை மடித்து வைக்கிறவனா என்று சொல்லிவிடுவார். தகரக் கூரைக்குக் கீழே ரெக்சினை மடியில் போட்டுக்கொண்டு பகல் முழுக்கத் தைத்துவிட்டு, வியர்வையில் ஊறிப்போய் வீட்டுக்கு வந்தால், அவர் வீட்டுக் கூரைதான் மொட்டை மாடி. அதாவது, பகல் பூரா வாங்கிய சூட்டை ராத்திரி பூராவும் கீழே இறக்குகிற கூரை. வந்த ஒரு மாதத்தில் மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

அவர் மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் நாளெல்லாம் நின்றுகொண்டு விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். படுத்தால் அடித்துப் போட்ட மாதிரித் தூங்குவாள். பக்கத்தில் இடியே விழுந்தாலும் புரண்டு படுக்க மாட்டாள். அது அவருக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். ஏனென்றால் சீட் கவர்காரருக்குக் குறட்டை வரும்.

குறட்டை என்றால் நம் வீட்டில் கேட்கிற மாதிரிக் குறட்டை இல்லை. அதில் ஏற்றம், இறக்கம், நடுவில் ஒரு பெரிய நிறுத்தம், மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று கேட்கிறவன் எழுந்து உட்காரும்போது மறுபடி ஒரு உறுமல் என்று எல்லாம் உண்டு. பழைய பட்டறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். ஒரு தடவை எல்லோருமாக வெளியூர் போய் ஒரே அறையில் தங்கினார்கள். அங்கே யாரோ அதை போனில் பதிவு செய்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் டீ நேரத்தில் போட்டுக் காட்டினார்கள். பிறகு வருகிற வாடிக்கையாளர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஒரு மாதம் அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவரை அறுத்தது. வீட்டுக்குத் தூரமாக இருக்கிறது என்று ஒரு சாக்கைச் சொல்லி வேலையை விட்டு, வீட்டையும் மாற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். இங்கே யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அது ஒன்றுதான் இந்தப் புது இடத்தில் அவர் கேட்டது.

மொட்டை மாடிக்கு அவர் போனது ஒரே ஒரு ராத்திரிதான். அதுவும் மனைவி வற்புறுத்தியதால்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் பாயை விரித்துக்கொண்டார். தூங்கக் கூடாது, சும்மா படுத்திருப்போம், எல்லோரும் தூங்கியதும் கீழே போய்விடுவோம் என்றுதான் நினைத்தார். பத்து மணிக்கு அந்தக் காற்று வந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

விடிகாலையில் யாரும் எழும் முன் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அன்றைய முதல் பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்த டிரைவர், கண் இரண்டும் கோவைப்பழமாக, வாசலில் வீட்டுக்கார அம்மாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்திரி பூரா தண்ணி மோட்டார் ஓடிட்டே இருந்துச்சும்மா. ரெண்டு தடவை கீழே இறங்கிப் போய் சுவிட்சைப் பார்த்தேன். ஆஃப்லதான் இருக்கு. மேல வந்து படுத்தா மறுபடி ஓடுது!"

"எனக்கும் கேட்டுச்சுப்பா. மோட்டார்ல என்னமோ கோளாறு. மெக்கானிக்கை வரச் சொல்றேன்" என்றார் வீட்டுக்கார அம்மா.

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சீட் கவர்காரர் ஓசைப்படாமல் வீட்டுக்குள் போய்விட்டார். மெக்கானிக் வந்தான். மோட்டாரைப் பிரித்தான். பேரிங் போய்விட்டது என்று சொல்லி வேறு மாற்றினான். அன்றிலிருந்து சீட் கவர்காரர் மேலே போகவில்லை. சத்தமும் வரவில்லை. அந்தத் தெருவில் அந்த மெக்கானிக்கைப் போலக் கைராசிக்காரன் இல்லை என்று பேராகிவிட்டது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். வீட்டுக்கார அம்மா படியில் வழிமறித்துக் கேட்டதுதான் வினை.

"என்ன தம்பி, ஒரு நாள் வந்தீங்க, அப்புறம் ஆளையே காணோம்? உங்க வீடு வெந்து கிடக்குமே!"

"எனக்குப் பனி ஆகாதும்மா."

"கோடையில ஏதுப்பா பனி?"

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு நகர்ந்திருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொன்னால் அளவு தெரியாமல் அள்ளிவிடுவார்கள்.

"கோடைப்பனிதாம்மா ரொம்ப மோசம். கண்ணுக்கே தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல இறங்கும். எங்க பழைய தெருவுல ஒருத்தர் தலையை மூடாம படுத்தாரு. காலையில எழுந்து பார்த்தா வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு."

சொல்லி முடித்ததும் அவருக்கே அந்த மனிதர் மேல் பரிதாபம் வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அடப் பாவமே!" என்றார்.

மறுநாள் ராத்திரி வீட்டுக்கார அம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தார். அதைப் பார்த்து டிரைவரும் நெஞ்சிலிருந்த துண்டைத் தலைக்கு மாற்றினார். மூன்றாம் நாள் காலையில் டிரைவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. துண்டு நழுவியிருந்ததுதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அதற்குப் பிறகு சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. யாருக்குத் தும்மல் வந்தாலும் கோடைப்பனி, கால் உளைந்தாலும் கோடைப்பனி. கொதிக்கிற ராத்திரியில், காற்று வாங்க மேலே வந்த சனங்கள், காதையும் தலையையும் இறுக்கக் கட்டிக்கொண்டு வியர்த்து வழியப் படுத்திருந்தார்கள். ஏன் மேலே வந்தோம் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சீட் கவர்காரரின் மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் பாயை எடுத்தாள்.

"நீங்க கௌரவத்தைக் காப்பாத்திக்கிட்டு இங்கேயே வேகுங்க. நான் மேல போறேன்."

"துண்டை எடுத்துக்கிட்டுப் போ. தலையில கட்டலைன்னா என்னன்னு கேப்பாங்க."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இருபது வருஷமா உங்க துணியைத் துவைச்சேன். இப்ப உங்க பொய்யையும் தலையில சுத்திக்கிட்டுப் படுக்கணும். குடுங்க."

கீழே அவர் தரையில் தண்ணீர் தெளித்து, அந்த ஈரத்தில் வெறும் உடம்போடு படுத்துப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் ஈரம் காய்ந்தது. விரிப்பை நனைத்துப் போர்த்திப் பார்த்தார், அதுவும் வெந்நீர் மாதிரி ஆனது. தையல் மிஷினில் உட்கார்ந்தால் பகலில் கண் சொக்கியது. ஒரு வேனுக்குப் பின் இருக்கை உறையைத் தலைகீழாகத் தைத்து, உட்கார்ந்து பிரித்தார். ஆனாலும் மனம் நிம்மதியாக இருந்தது. யாருக்கும் தெரியாது அல்லவா!

மருந்துக்கடைப் பெண்ணின் சமாச்சாரம் அவருக்குத் தெரியாமலேயே போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு ஆறாவது மாதம். கணவன் கப்பலில் வேலை, வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். "மத்தவங்களுக்கே வாய் இழுத்துக்குதுன்னா பிள்ளைத்தாச்சிக்கு என்ன ஆகுமோ!" என்று வீட்டுக்கார அம்மா நல்ல மனசோடுதான் சொன்னார். அன்றே அவள் பாயைக் கீழே கொண்டுபோய்விட்டாள். ஜன்னல் வழியாகவும் பனி வரலாமே என்று ஜன்னலையும் சாத்திவிட்டாள். ஒன்பது ராத்திரி அந்த அறைக்குள் அடைந்து கிடந்தாள். பத்தாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பியவள் படியிலேயே கண் இருண்டு உட்கார்ந்து, அப்படியே சரிந்துவிட்டாள். நல்லவேளை, டிரைவர் எதிரே வந்தார்.

சாயங்காலம் மனைவிதான் விஷயத்தைக் கொண்டுவந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு வந்தாங்க. தூக்கமே இல்லையாம், உடம்புல தண்ணியே இல்லையாம். இன்னும் நாலு நாள் இப்படிப் போனா குழந்தைக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. காத்தோட்டமா படுக்கணும்னு சொன்னதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு தெரியுமா? மேல பனி இறங்குது, எங்க மாடி வீட்டு அண்ணன் சொன்னார்னு."

சீட் கவர்காரர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். தன் பொய் ஒரு சாதுப் பொய் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஒருத்தரையும் கடிக்காமல் மூலையில் படுத்திருக்கும் என்று நம்பியிருந்தார். வெட்கத்துக்குப் பயந்து தான் செய்த காரியத்தில் ஒரு பிள்ளை போயிருக்கும் என்று நினைத்ததும் எழுந்துவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு மனைவியோடு முதல் மாடிக்கு இறங்கினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அந்தப் பெண் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அறை புழுங்கியது. ஜன்னல் அப்போதும் சாத்தித்தான் இருந்தது.

"அம்மாடி, நான் சொன்னது பொய். கோடைப்பனின்னு ஒண்ணும் கிடையாது. வாய் இழுத்துக்கிட்ட ஆளும் கிடையாது. நானாச் சொன்னது."

அவள் களைப்போடு சிரித்தாள். "டாக்டர் சொல்லச் சொன்னாங்களாண்ணா? எனக்காகச் சொல்றீங்க. எனக்குப் புரியுது."

"சத்தியமா பொய்ம்மா!"

"அப்ப நீங்க ஏன்ணா மேல வர்றதில்ல? எங்க எல்லாரையும் விட உங்க வீடுதானே சூடு?"

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வழியாகச் சொன்னார். "எனக்குக் குறட்டை வரும்."

இப்போது அவள் நிஜமாகவே சிரித்தாள். "போங்கண்ணா. குறட்டைக்கு வெக்கப்பட்டு யாராவது இந்த உலையில கிடப்பாங்களா? நான் நல்லாயிருக்கணும்னு சொல்றீங்க. ஆனா வயித்துல ஒண்ணு இருக்கு. எனக்குப் பயமா இருக்குண்ணா."

பாருங்கள் வேடிக்கையை! பொய்யைச் சொன்னபோது ஒரு கேள்வி கேட்காமல் நம்பிய அதே கட்டடம், உண்மையைச் சொன்னால் நம்ப மறுக்கிறது. அவருக்கு இனி ஒரு வழிதான் இருந்தது. "இன்னிக்கு நான் மேல படுக்கறேன். தலையில துணியில்லாம. வந்து உக்காந்து நீயே பாரு" என்றார்.

அன்று ஒன்பது மணிக்கு சீட் கவர்காரர் பாயோடு மொட்டை மாடிக்கு வந்தார். தொட்டிக்குப் பின்னால் போகவில்லை. நட்ட நடுவில் விரித்தார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவும் டிரைவரும் அவரை வாயைப் பிளந்து பார்த்தார்கள். மனைவி மருந்துக்கடைப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படிக்கட்டுக் கதவோரம் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் காதை மூடி முக்காடு போட்டிருந்தாள்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "பனியெல்லாம் கிடையாது. அன்னிக்கு ராத்திரி ஓடினது மோட்டார் இல்ல. நான்தான்."

வீட்டுக்கார அம்மாவும் டிரைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டிரைவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் ரெண்டு தடவை இறங்கிப் போய் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தேனே?"

"நான் மேல இருந்தேன் தம்பி."

"அப்ப அந்தப் பேரிங்?" என்றார் வீட்டுக்கார அம்மா.

சிரிப்பு அங்கேதான் கிளம்பியது. டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். வீட்டுக்கார அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சீட் கவர்காரரின் மனைவிகூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் நடுவில் நின்றபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பழைய பட்டறையில் போலச் சேர்ந்து சிரிக்கவில்லை. வலித்தது, வலித்தபடி நின்றார்.

மருந்துக்கடைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டைப் பிடித்தபடி அவரைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். சீட் கவர்காரர் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறட்டை வர வேண்டும் என்று படுத்த மனிதருக்குத் தூக்கம் வருமா? பத்து மணிக் காற்று வந்தது, போனது. சுற்றிலும் ஒருத்தரும் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. நாலு பேர் இருட்டில் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

"ஆரம்பிச்சாச்சா தம்பி?" என்று வீட்டுக்கார அம்மாவின் குரல் கேட்டது.

"இல்லம்மா. இன்னும் வரலை."

"அவசரம் இல்ல. மெதுவா வரட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து டிரைவர், "வேணும்னா நான் போய் சுவிட்சைப் போடட்டுமாண்ணே?" என்றார். மறுபடி ஒரு சிரிப்பு ஓடியது. இந்தத் தடவை அவருக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அது எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தவர், பதினைந்து நாள் தூக்கம் பாக்கி வைத்திருந்த உடம்பு, யோசனையின் நடுவிலேயே தூங்கிப்போனார்.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண் விழித்தார். சுற்றிலும் இன்னும் இருட்டு. டிரைவர் தன் பாயிலிருந்தே கையை நீட்டியிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் திரும்பிப் படுங்க."

சீட் கவர்காரருக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. நடந்துவிட்டது. எல்லோரும் கேட்டிருப்பார்கள். இந்த மனிதர் நாலு மணிக்கு எழுந்து பஸ் ஓட்ட வேண்டியவர். அவர் எழுந்து உட்கார்ந்து, சத்தமில்லாமல் பாயின் நுனியை மடிக்க ஆரம்பித்தார்.

டிரைவர் ஒரு கண்ணைத் திறந்தார். "எங்க போறீங்க?"

"இல்ல தம்பி, நீங்க தூங்கணும். நான் கீழே..."

"திரும்பிப் படுங்கன்னுதானே சொன்னேன்? போகவா சொன்னேன்?" என்று அலுத்துக்கொண்டு, துண்டை நெஞ்சில் இழுத்துப் போட்டுக்கொண்டு டிரைவர் மறுபக்கம் புரண்டார். அடுத்த நிமிஷம் அவர் மூக்கிலிருந்தே மெல்லிசாக ஒரு விசில் கிளம்பியது.

சீட் கவர்காரர் மடித்த பாயைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அப்படி அப்படியே கிடந்தார்கள். ஒரு பாயும் தள்ளிப் போயிருக்கவில்லை. கதவோரத்து நாற்காலி காலியாக இருந்தது. அவர் மனைவிக்குப் பக்கத்தில், முக்காடு இல்லாமல், தலைமுடி முகத்தில் பறக்க, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மருந்துக்கடைப் பெண் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் குறட்டையைக் கேட்டு இதுவரை சிரித்தவர்கள் உண்டு, பதிவு செய்தவர்கள் உண்டு, எழுந்து வேறு அறைக்குப் போனவர்கள் உண்டு. கொஞ்சம் திரும்பிப் படுங்கள் என்று சொன்னவர் யாருமில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஒரு வேலையை விட்டோம், ஒரு வீட்டை விட்டோம் என்று நினைத்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

பாயை மறுபடி விரித்தார். இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.